சிசேரியன்: எங்கே அறுக்கிறார்கள், எப்படித் தைக்கிறார்கள், எப்போது ஆறுகிறது

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியானாலும், அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ உள்ள தனியார் மருத்துவமனையானாலும், சிசேரியன் முடிந்து வார்டுக்கு வந்த பெண்ணைப் பார்க்க வரும் உறவினர்கள், குழந்தையின் எடையை விசாரித்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி 'எத்தனை தையல்?' என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு வரும் பதிலால் ஒன்றும் தெரிந்துவிடாது. தோலுக்கு அடியில் ஒரே நூலை ஓட்டித் தைத்திருந்தால் தையல் ஒன்றுதான். அதே நீளக் காயத்தைத் தனித்தனி முடிச்சுகளாகப் போட்டிருந்தால் எட்டோ பத்தோ இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கர்ப்பப்பையில் எந்த இடத்தில், எந்தத் திசையில் அறுத்தார்கள்? அந்தப் பெண் எப்போது நடக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம், அடுத்த பிள்ளையைச் சுகப்பிரசவமாகப் பெற முயலலாமா என்பவற்றுக்கெல்லாம் விடை, தோலுக்குக் கீழே அடுக்கடுக்காக நடந்த வேலையில்தான் இருக்கிறது.

2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 34.1 விழுக்காடாக இருந்தது. நாடு முழுமைக்குமான அளவு 21.5 விழுக்காடுதான். இதில் எவ்வளவு தேவையானது, எவ்வளவு தவிர்த்திருக்கக்கூடியது என்பது தனியாகப் பேச வேண்டிய விவகாரம். குழந்தையின் நாடித்துடிப்பு குறைவது, குழந்தை குறுக்கே கிடப்பது, நஞ்சு (பிள்ளைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடி) கர்ப்பப்பை வாயை மறைத்திருப்பது, வலி வந்தும் பிரசவம் முன்னேறாமல் நிற்பது, முன்பே சிசேரியன் ஆகியிருப்பது போன்றவை வழக்கமான காரணங்கள். இவற்றில் சில நேரங்களில் அறுவையைத் தவிர வேறு வழியே இருக்காது.

முதலில் மயக்க மருந்து. இன்று பெரும்பாலான சிசேரியன்களுக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. முதுகில் போடும் தண்டுவட ஊசியே போதுமானதாக இருக்கிறது. தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் மேல்முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுவதால், அதற்கும் கீழே உள்ள இடைவெளியில், மிக மெல்லிய ஊசியால், திரவமும் அதில் மிதக்கும் நரம்பிழைகளும் மட்டுமே உள்ள பகுதியில் ஏறத்தாழ 2 மில்லி மருந்தைச் செலுத்துகிறார்கள். ஆகவே 'ஊசி தண்டுவடத்தில் குத்திவிடும்' என்ற அச்சத்துக்கு இடமில்லை. சில நிமிடங்களில் கால்கள் கனத்து, பிறகு மரத்துப்போகும். மயக்க மருத்துவர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தொடையிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் இடமாக வைத்து, 'ஜில்லுன்னு தெரியுதாம்மா?' என்று கேட்டுக்கொண்டே வருவார். மார்பின் மட்டம் வரை குளிர்ச்சி தெரியவில்லை என்ற பிறகே கத்தி எடுக்கப்படும். வலி தெரியாதே தவிர, இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், குறிப்பாகக் குழந்தையை வெளியே எடுக்க மேல்வயிற்றை அமுக்கும்போது. மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று அப்போது பதற வேண்டியதில்லை. ஊசிக்குப் பின் ரத்த அழுத்தம் குறைந்து வாந்தி வருவதுபோல் இருப்பதும் வழக்கம். அதற்காகவே சலைன் வேகமாக ஏற்றப்படுகிறது, கனத்த கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்களை நசுக்காமலிருக்க உடல் சற்று இடப்புறமாகச் சாய்க்கப்படுகிறது. தண்டுவட ஊசி போட்டால் ஆயுள் முழுக்க முதுகு வலிக்கும் என்று ஊரில் பரவலாகச் சொல்வார்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். மாதக்கணக்கில் தொடரும் முதுகுவலி சுகப்பிரசவமான பெண்களுக்கும் வருகிறது. கர்ப்பத்தில் மாறிய இடுப்பும், தளர்ந்த வயிற்றுத் தசையும், குனிந்தபடியே பாலூட்டுவதும் அதற்குப் பெரும்பாலும் காரணம்.

தோல் அறுவைக்கு வருவோம். பழைய தலைமுறைப் பெண்கள் பலரிடம் தொப்புளிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் நெடுக்குத் தழும்பு இருக்கும். இன்று பொதுவாகச் செய்வது, இடுப்பெலும்பின் முன்மூட்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே, உள்ளாடைக்குள் மறைந்துவிடும் இடத்தில், சற்று வளைந்த குறுக்குக் கீறல். இதனை 1900-இல் விவரித்து எழுதியவர் ஜெர்மானிய மருத்துவரான ஃபானன்ஸ்டீல். அறுவைக் குறிப்புகளில் இன்றும் அவர் பெயரே எழுதப்படுகிறது. இன்னும் சற்று மேலே நேர்கோட்டில் கீறும் ஜோயல்-கோஹன் முறையும் உண்டு. ஜெருசலேமில் மிஸ்காவ் லடாக் மருத்துவமனையில் பணியாற்றிய மைக்கேல் ஸ்டார்க் அதையே அடிப்படையாக வைத்து, தோலுக்குக் கீழே கத்தியை முடிந்தவரை ஒதுக்கிவிட்டு, விரல்களால் அடுக்குகளை விலக்கிச் செல்லும் முறையை உருவாக்கினார். வெட்டுவதைவிட விலக்கும்போது ரத்தக்குழாய்கள் அறுபடாமல் ஒதுங்கிக்கொள்வதால் ரத்த இழப்பு குறைகிறது, நேரமும் மிச்சமாகிறது. நம் மருத்துவர்கள் பலர் இந்த இரண்டையும் தங்கள் கைப்பழக்கத்துக்கு ஏற்பக் கலந்தே செய்கிறார்கள்.

தோலுக்கு அடுத்துக் கொழுப்பு. அதற்குக் கீழே வெள்ளையாக, விறைப்பாக, தசைகளைப் போர்த்தியிருக்கும் உறை. வயிற்றுச் சுவரின் வலு முழுவதும் இந்த உறையில்தான் இருக்கிறது. ஆகவே மூடும்போது மிக உறுதியான நூலால் தைக்கப்படுவதும் இதுவே. உறைக்குள் உள்ள இரண்டு நெடுந்தசைகளை, நம்மில் பலர் நினைப்பதுபோல், வெட்டுவதில்லை. தலையில் நடுவகிடு எடுப்பதுபோல இரு பக்கமும் ஒதுக்குகிறார்கள். அதன் பின் குடல்களைச் சுற்றியுள்ள மெல்லிய வயிற்றுறை. அதைத் திறந்தால் கர்ப்பப்பை. அதன் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். அது நிறைந்திருந்தால் கத்திக்கு நேர் எதிரே வந்துவிடும். அறுவைக்கு முன்பே சிறுநீர் டியூப் போடுவதன் முதற்காரணம் அதுதான்.

இனி வருவதுதான் மையமான இடம். கர்ப்பப்பையின் மேற்பகுதி தடித்த தசை. பிரசவ வலியின்போது சுருங்கித் தள்ளும் வேலையைச் செய்வது அது. கர்ப்பத்தின் பிற்பாதியில் கீழே உருவாகும் பகுதியோ மெல்லியது, அதிகம் சுருங்காதது, ரத்த ஓட்டமும் அங்கே குறைவு. இந்தக் கீழ்ப்பகுதியில் குறுக்காக அறுத்தால் ரத்தம் குறைவாக வரும், தையல் நன்றாகப் பிடிக்கும், அடுத்த பிரசவத்தில் வலி எடுக்கும்போது தழும்பின்மீது விழும் இழுவையும் குறைவாக இருக்கும். இன்று செய்யப்படும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். மேற்பகுதித் தசையில் நெடுக்காக அறுப்பது மற்றொன்று. 'கிளாசிக்கல்' என்று குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். மிகக் குறைமாதத்தில் கீழ்ப்பகுதி உருவாகாத நிலையிலும், குழந்தை குறுக்கே வசமாகச் சிக்கியிருக்கும்போதும், முன்பக்கக் கீழ்ப்பகுதியை நஞ்சோ பெரிய கட்டியோ அடைத்திருக்கும்போதும் இதைச் செய்ய வேண்டிவரும். கவனிக்க வேண்டியது, வெளியே தோலில் குறுக்குத் தழும்பு இருப்பதால் உள்ளேயும் குறுக்காகத்தான் அறுத்திருப்பார்கள் என்று கொள்ள முடியாது; தோலில் நெடுக்காக இருந்து உள்ளே குறுக்காக இருப்பதும் உண்டு. வெளித்தழும்பைப் பார்த்து உள்தழும்பைச் சொல்ல யாராலும் முடியாது.

கர்ப்பப்பையைத் தைப்பது என்பதே ஒரு காலத்தில் இல்லை என்றால் இன்று நம்புவது கடினம். தைக்காமல் அப்படியே விட்டு, ரத்தப்போக்காலும் சீழாலும் தாய்மார்கள் இறந்தார்கள். 1876-இல் இத்தாலியின் பாவியா நகரில் எடுவார்டோ போர்ரோ, குழந்தையை எடுத்த கையோடு கர்ப்பப்பையையே வெட்டி அகற்றித் தாயைக் காப்பாற்றினார். 1882-இல் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர், கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே அதை முறையாகத் தைக்கும் வழியைக் காட்டினார். கீழ்ப்பகுதிக் குறுக்கு அறுவையை 1920-களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர் வற்புறுத்தி நிலைநாட்டினார். நம் ஊர்த் தியேட்டர்களில் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த அறுவைக்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன.

கர்ப்பப்பையில் சிறிதாகத் திறந்து, விரல்களால் இரு பக்கமும் விரித்து, பனிக்குடத்தை உடைத்து, குழந்தையின் தலையைக் கையில் ஏந்தி எடுக்கிறார்கள். தோல் கீறல் தொடங்கிக் குழந்தை வெளியே வரப் பொதுவாக ஐந்து பத்து நிமிடங்களே ஆகும். மீதி நேரமெல்லாம் மூடுவதற்குத்தான். குழந்தை நன்றாக அழுதால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டுவது நல்லது. அந்த நேரத்தில் குழந்தைக்குச் சேரும் ரத்தம் பின்னால் இரும்புச்சத்துக் குறையாமல் காக்கும். உடனே தாய்க்கு ஆக்சிடோசின் செலுத்தப்படுகிறது. கர்ப்பப்பை சுருங்கினால்தான் நஞ்சு ஒட்டியிருந்த இடத்து ரத்தக்குழாய்கள் மூடிக்கொள்ளும். சிசேரியனில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போவது சகஜம். ஒரு லிட்டரைத் தாண்டினால் அது மிகை ரத்தப்போக்கு. ஏழாம் எட்டாம் மாதத்திலேயே ரத்தசோகையைச் சரிசெய்யச் சொல்லி கிராமச் செவிலியர் வீட்டு வாசலில் வந்து நிற்பது இதற்காகத்தான்.

மூடும் முறையில் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபாடு உண்டு. கர்ப்பப்பையை ஓரடுக்காகத் தைப்பதா ஈரடுக்காகவா, தைக்கும்போது அதை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைப்பதா உள்ளேயே வைப்பதா, வயிற்றுறையைத் தனியாகத் தைக்க வேண்டுமா என்றெல்லாம் நெடுநாள் வாதம் நடந்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 15,935 பெண்களைச் சேர்த்து நடத்தப்பட்ட 'கொரோனிஸ்' ஆய்வு 2013-இல் வெளியானது. இந்த முறைகளில் எதைத் தேர்ந்தாலும் தாய்க்கு நேரும் குறுகிய காலச் சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே அது காட்டியது. 'அந்த டாக்டர் இரண்டு அடுக்குப் போட்டார், இவர் ஒரே அடுக்குத்தான் போட்டார்' என்று பக்கத்துக் கட்டில்காரரோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பயனில்லை. எல்லா மருத்துவரும் செய்தாக வேண்டிய, உண்மையில் பலன் தரும் காரியம் ஒன்று உண்டு: தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் ஊசி. காயம் சீழ் பிடிப்பதை அது வெகுவாகக் குறைக்கிறது.

உள்ளே தைக்கும் நூல்கள் தாமாகவே கரைந்துவிடும். பரவலாகப் பயன்படும் விக்ரில் நூல் முழுவதும் கரைய ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். தோலுக்குக் கரையாத நூலோ ஸ்டேப்ளரோ போட்டிருந்தால் ஒரு வாரம் வாக்கில் பிரித்துவிடுவார்கள். தோல் அதற்குள் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் உறையோ அப்படியல்ல; அது பழைய வலுவைப் பெறப் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். மேலே ஆறிவிட்டது என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறவர்களுக்கு வலி திரும்ப வருவது இதனால்தான். முதல் ஆறு வாரத்துக்குப் பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்காமலிருப்பது நல்லது. தோட்டத்து வேலையும் பீடிக்கட்டைத் தலையில் சுமந்து போய்க் கொடுப்பதும் இதில் அடக்கம்.

அறுவை முடிந்த சில மணி நேரத்தில், வாந்தி இல்லையென்றால், தண்ணீரும் கஞ்சியும் தொடங்கலாம். குடலைத் தொட்ட அறுவையல்ல இது. வாயு பிரிந்த பிறகே வாயில் தண்ணீர் என்ற பழைய கட்டுப்பாட்டை இப்போது பல மருத்துவமனைகள் கைவிட்டுவிட்டன. கால்களின் மரத்த தன்மை நீங்கியதும், அன்று மாலையோ மறுநாள் காலையோ, எழுந்து நடக்கச் சொல்வார்கள். 'பச்ச உடம்புக்காரிய ஏன் இப்படி நடக்க வச்சுப் பாடா படுத்துதீய?' என்று ஆச்சிகள் செவிலியரோடு சண்டைக்கு நிற்பார்கள். கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் ரத்தம் எளிதில் உறையும் தன்மையுடையது. அறுவையும் சேர்ந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்புக் கூடுகிறது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆச்சியின் கரிசனத்துக்கு மதிப்பளித்தே சொல்வதென்றால், அந்த நடைதான் பச்ச உடம்புக்கு மருந்து.

எழுவதற்கு ஒரு முறை உண்டு. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்தால் தைத்த உறை முழுவதும் இழுபடும். முதலில் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழேயுள்ள முழங்கையையும் மறு உள்ளங்கையையும் ஊன்றி, உடலைப் பக்கவாட்டில் நிமிர்த்தி உட்கார வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே இருந்து, தலை சுற்றவில்லை என்றால் எழலாம். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையைக் காயத்தின்மேல் வைத்து அமுக்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் கட்டிலில் படுப்பதே நல்லது. பத்தமடைப் பாய் எத்தனை சுகமானதாக இருந்தாலும், தரையிலிருந்து எழுவதற்கு வயிற்றுத் தசை செய்ய வேண்டிய வேலை மிக அதிகம்.

உட்கார்ந்தால் கடுமையாக வலித்து, படுத்தால் குறைந்துவிடும் தலைவலி வந்தால் அது தண்டுவட ஊசியால் வந்தது. ஊசித் துளை வழியே திரவம் கசிவதால் நேர்வது. மெல்லிய ஊசிகள் வந்த பிறகு இது குறைந்துவிட்டது. பெரும்பாலும் சில நாளில் தானே சரியாகும். சரியாகாவிட்டால் மயக்க மருத்துவரிடம் அதற்கும் சிகிச்சை உண்டு. வலி மாத்திரைகளை 'பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும்' என்று ஒளித்து வைக்க வேண்டியதில்லை. வழக்கமாகத் தரப்படும் பாரசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் பாலூட்டும் தாய் சாப்பிடக்கூடியவையே. வலியோடு விறைத்துக் கிடப்பவர் நடக்கவும் மாட்டார், பிள்ளையைச் சரியாக அணைக்கவும் மாட்டார். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் நன்றாகக் கட்ட ஒரு நாள் தாமதமாகலாம். அதுவரை வரும் சீம்பால் சில துளிதான் என்றாலும் பிள்ளைக்கு அதுவே போதும். காயத்தில் பாரம் படாமல் பிள்ளையைக் கக்கத்து இடுக்கில் பக்கவாட்டாக வைத்துப் பாலூட்டுவது எளிது.

இனி வீட்டுப் பத்தியம். உளுந்தங்களியில் உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுப்பதும், பூண்டைப் பாலில் வேகவைத்துத் தருவதும், கடற்கரைப் பக்கம் சுறாப்புட்டு அவிப்பதும் நல்ல உணவுகளே. அறுவையான உடம்புக்குப் புரதமும் சத்தும் வேண்டும். நான் ஏற்காதது இரண்டு. ஒன்று, 'தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சா வயிறு போட்டிரும்' என்று தண்ணீரைக் குறைப்பது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும்தான் வரும். முக்கி மலம் கழிப்பது தையலுக்கு நல்லதல்ல. மற்றொன்று, கீரை, பழம், மீன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வெறும் ரசஞ்சோற்றில் நாற்பது நாள் ஓட்டுவது. வயிற்றில் பழைய வேட்டியைக் கட்டுவது பற்றியும் கேட்பார்கள். தளர்வாகக் கட்டினால் நடக்கும்போது ஒரு தாங்கல் கிடைக்கும், வலி குறையும். மூச்சு முட்ட இறுக்கினால் காயம் வியர்த்து ஊறும். கர்ப்பப்பை சுருங்குவது துணியால் அல்ல. பிள்ளை பிறந்ததும் ஒரு கிலோ அளவில் இருக்கும் அது ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே தானாகவே சுருங்கிவிடும். பாலூட்டும்போது அடிவயிற்றில் சுருக்கென வரும் வலி அந்த வேலை நடப்பதன் அடையாளம்.

கட்டுப் பிரித்த பிறகு மருத்துவர் சொன்ன நாளிலிருந்து சாதாரணமாகக் குளிக்கலாம். தூரத்திலிருந்து வீசி வீசி வெந்நீர் அடிப்பது காயத்துக்கு ஆகாது. சோப்பு நீர் மேலே ஓடினால் போதும், பிறகு சுத்தமான துணியால் ஒற்றி உலர வைக்க வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் காயத்தின்மேல் பூச வேண்டாம். தழும்பைச் சுற்றித் தோல் மரத்திருப்பது பல மாதம் நீடிக்கலாம். கீறலில் அறுபட்ட மெல்லிய நரம்பிழைகள் மெதுவாக வளர்வதால் அப்படி. அரசு மருத்துவமனையில் சிசேரியன் ஆனவர்களுக்கு ஏழு நாள் வரை உணவு இலவசம் என்பது 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் ஏற்பாடு. வீடு திரும்ப 102 தாய் சேய் நல ஊர்தியும் உண்டு. ஆகவே மூன்றாம் நாளே 'வீட்டுக்கு விட்டுருங்க' என்று அவசரப்பட வேண்டிய காரணம் பெரும்பாலும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயம் சிவந்து வீங்குவது அல்லது நீர் கசிவது, தீட்டு துர்நாற்றம் வீசுவது, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனையும் அளவு ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், கண் மங்கும் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இரவென்றாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த பிள்ளையைப் பற்றி. கீழ்ப்பகுதிக் குறுக்குத் தழும்பு ஒன்று மட்டும் உள்ளவர், வேறு தடை இல்லையென்றால், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாம். முயல்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது கைகூடுகிறது. பிரசவ வலியில் தழும்பு பிரியும் ஆபத்து அவர்களுக்கு ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு; மேற்பகுதி நெடுக்குத் தழும்பு உள்ளவர்களுக்கோ நூற்றுக்கு நான்கு முதல் ஒன்பது வரை என்பதால், அவர்கள் வலி வரும் முன்பே குறித்த நாளில் அறுவைக்குப் போக வேண்டும். எப்படியானாலும் அடுத்த கரு தங்க ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். அதற்காகச் சிசேரியன் நடக்கும்போதே காப்பர் டி வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. கர்ப்பப்பையில் எங்கே அறுத்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருக்கும். எழுதவில்லையென்றால் வீடு திரும்பும் முன் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அடுத்த கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அன்றே அந்தத் தாளைக் காட்டிவிட்டு, பின்னர் எடுக்கும் ஸ்கேன்களில் நஞ்சு பழைய தழும்பின்மேல் படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். சிசேரியன்களின் எண்ணிக்கை கூடக் கூட நஞ்சு தழும்புக்குள் வேரோடிப் பிரியாமல் போகும் வாய்ப்பும் கூடுகிறது. அப்படி ஐயமிருந்தால், ரத்த வங்கியும் மயக்க மருத்துவரும் இரவுபகலாக உள்ள பெரிய மருத்துவமனையில், நாள் குறித்தே பிரசவம் பார்க்க வேண்டும்.